மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ்

பலாபத்வலயில் இருப்பவனுக்கு ஃபோர்வீல் வாகனம் தேவையா? மற்றவர்கள் கேட்பதற்கு முன் நானே கேட்டு எழுதி வைக்கிறேன். ஊர் ஏ9 பாதையின் மேல்தான் இருக்கிறது. கண்டியில் புறப்பட்டு மாத்தளை, அலுவிகாரை, பலாபத்வல, நாவுல, தம்புள்ளை என்று யாழ்ப்பாணம் வரை ஓடுகிற பாதை. நன்றாகக் கார்பெட் போட்டது. மாத்தளை டவுன் பத்துக் கிலோமீற்றருக்குள். வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, ஆஸ்பத்திரிக்கு, சந்தைக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு சின்னக் கார் தாராளம். மிச்சம் கடைசித் துண்டு ஒன்றுதான்: பெரிய ரோட்டிலிருந்து மிளகுத் தோட்டத்துக்கு ஏறுகிற செம்மண் பாதை. ஐப்பசி பிறந்தால் அது சவர்க்காரம் பூசிய தரை. அந்தப் பாதையில் பக்கத்து வீட்டு த்ரீவீல்காரர் மிளகு மூட்டைகளையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு, வலப்பக்கம் இடப்பக்கம் வெட்டி வெட்டி ஏறிவிடுகிறார். மூன்று சக்கரம், அதில் இரண்டுக்குத்தான் இழுவை.

ஆகவே தேவை என்ற வாதம் முடிந்தது. இனி எழுதுவதெல்லாம் ஆசை பற்றியது. ஆனால் ஆசைக்கும் தினமும் காலை ஆறரைக்கு ஸ்டார்ட் ஆகவேண்டிய கடமை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைத்து அழகு பார்க்க வாங்கவில்லை. திங்கட்கிழமை ஓட வேண்டும்.

*

எங்கள் பக்கம் 'ஜீப்' என்று பொதுவாகச் சொன்னால் பெரும்பாலும் அது மிட்சுபிஷி. வில்லிஸின் உரிமத்தோடு 1953இல் ஜப்பானில் செய்யத் தொடங்கியவர்கள், 1998 வரை அந்த முகத்தைப் பெரிதாக மாற்றாமலே செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பஜெரோ 1982இல் வந்த பிறகும் இது நிற்கவில்லை. ஜே24, ஜே44 என்று வகைப் பெயர்கள் இருந்தாலும் இங்கே புழக்கத்தில் இருப்பது எஞ்சினின் பெயர்: ஃபோர் டீ ஆர் ஃபைவ். 2659 சீசீ டீசல். அதே எஞ்சின் கென்டர் லொறியிலும் ரோசா பஸ்ஸிலும் வந்தது. அதனால்தான் ஹபரணையில் யானை பார்க்க ஆள் ஏற்றுகிற ஜீப்காரருக்கும் தம்புள்ளைக்கு மரக்கறி கொண்டுபோன லொறிக்காரருக்கும் ஒரே கடையில் சாமான் கிடைத்தது. இந்த ஜீப்பை அரியது என்று சொல்ல முடியாது. பழையது, அவ்வளவுதான்.

உண்மையில் அரியதாக ஒன்று கண்ணில் பட்டது. நாவுலப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில், பலாமரத்தடியில், டைஹட்சு டாஃப்ட். 1974இல் முதலில் வந்தபோது ஒரு லீற்றருக்கும் குறைந்த 958 சீசீ பெற்றோல் எஞ்சின், பிறகு 2.5 லீற்றர் டீசல் போட்டார்கள். 1984இல் ரக்கர் வந்து அதன் இடத்தைப் பிடித்தது. நான் பார்த்தது டீசல். உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். சீட் உறை கூடக் கிழியவில்லை. கதவு சாத்தினால் 'டக்' என்று ஒரே சத்தம். விலையும் நியாயம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகை. வந்தது, ஆனால் தாமதமாக.

*

கராஜ் நானாவிடம் டாஃப்டைப் பற்றிச் சொன்னேன். மாத்தளையில் அவருடைய பட்டறை. வாப்பா காலத்திலிருந்து தோட்டத்து வண்டிகள் பார்த்த கை. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நல்ல வண்டிதான் தம்பி. நானும் ஒண்ணு ரெண்டு கழட்டியிருக்கேன். ஆனா இதுக்கு கிளட்ச் போச்செண்டா நீங்க எங்க போவீங்க?"

"கொழும்புக்கு, பஞ்சிகாவத்தைக்கு."

"பஞ்சிகாவத்தையில எல்லாம் இருக்கு. டாஃப்ட் சாமான் இருக்கெண்டு எவன் சொன்னான்? ஒரு மாசம் தேடணும். அந்த ஒரு மாசம் பிள்ள எதுல ஸ்கூலுக்குப் போகும்?"

இந்தக் கேள்விக்குப் பிறகு நான் யோசித்தது முழுவதும் வண்டியைப் பற்றி அல்ல, வண்டியைச் சுற்றி இருப்பவர்களைப் பற்றி.

*

பழைய வாகனங்கள் பிழைத்திருக்கிற இடங்களை நினைத்துப் பார்க்கிறேன். டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்சங் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருந்து 3,636 மீற்றர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு, 1950களில் செய்த லேண்ட் ரோவர்கள் பல தலைமுறையாகப் பயணிகளை ஏற்றிப் போயின. காட்சிக்காக அல்ல, வாடகைக்கு. மலேசியாவின் கேமரன் மலையில் மரக்கறித் தோட்டக்காரர்கள் அதே வகை லேண்ட் ரோவர்களில் கோவா, தக்காளி ஏற்றுகிறார்கள். அந்த மலையின் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்களும் உண்டு. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிற ஜீப்புகளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே ஏ9இன் மறுமுனையைப் பார்க்கலாம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கறுப்புப் புகை, நாற்றம், அடைபட்ட பிளக். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஆள் போய்ச் சேர்ந்தது. அந்தக் கார்கள் பிழைத்ததற்கு இங்கிலாந்து இரும்பின் தரம் மட்டும் காரணமில்லை. தெருவுக்குத் தெரு அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் இருந்தார். புது வண்டி வர வழியில்லாததால் இருந்ததை அத்தனை பேரும் படித்துக்கொண்டார்கள்.

எந்தப் பழைய வாகனமும் தனியாகப் பிழைத்ததில்லை. ஒரு பாதையில் ஒரே வகை வண்டி நிறைய ஓடினால், அதற்கு ஒரு பட்டறை வரும். பட்டறைக்கு ஒரு சாமான் கடை வரும். கடைக்குப் பக்கத்தில் ஒரு லேத் வரும். டாஃப்ட் நாவுலையில் தனியாக நிற்கிறது. அது அதன் குற்றமில்லை.

*

டாஃப்டை விட்டால் அடுத்து லேண்ட் ரோவர். அது எப்படிப் பிறந்தது என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை, நீட்ட வேண்டியதில்லை. ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ் தன் பண்ணையில் யுத்தத்தில் மிஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதற்கு மாற்றாக ஒன்று செய்யப் போய் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளிவந்தது. எனக்குத் தேவையானது அதில் ஒரு செய்திதான். யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் உருக்குக்குப் பங்கீடு. அதனால் உடலை பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவைத் தகட்டில் அடித்தார்கள், அடிச்சட்டத்தையும் முன் தடுப்புச் சுவரையும் உருக்கில் செய்தார்கள். அங்கே உருக்குத் தட்டுப்பாட்டுக்கு எடுத்த முடிவு இங்கே எங்கள் பக்க மழைக்கு உதவியது. மேலே துருப் பிடிக்காது.

ஆனால் கீழே பிடிக்கும். வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. விற்பவருக்கு அது வசதி.

*

தோட்டத்துத் துரையின் லேண்ட் ரோவர். எங்கள் பெரியவர்கள் சொல்லிக் கேட்டது: மலையின் மறுபக்கம் சத்தம் கேட்கும்போதே எந்த மலையில் நிற்கிறார், எந்தப் பாதையால் வருகிறார் என்று கொழுந்து எடுப்பவர்களுக்குத் தெரிந்துவிடும், கங்காணி குரலை உயர்த்துவார். அந்த வண்டியின் உள்ளே அவர்கள் ஏறியதில்லை. பிள்ளைப்பேற்று வலி கண்டவளைக்கூட லொறியில், பிறகு டிரக்டரில்தான் கொண்டுபோனார்கள்.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளுக்குப் போனது. இந்த இரண்டு கைமாற்றத்துக்கும் நடுவில் எத்தனையோ வண்டிகள் தோட்டத்தை விட்டு வெளியே வந்தன. ரத்தோட்டைப் பக்கம் நான் பார்க்கப் போன வண்டியும் ஒரு தோட்டத்து வண்டிதான் என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அந்தச் சத்தத்த வீட்டுக்குக் கொண்டு வரப்போறியா?" என்றார். கோபமாகவா, வேடிக்கையாகவா என்று பிடிபடவில்லை. கொஞ்சம் கழித்து, "முன்னால உக்காந்தா எல்லாம் தெரியுமா?" என்று கேட்டார்.

*

ரத்தோட்டை வண்டி: சீரிஸ் 3, குட்டை, 88 அங்குலம். டீசல், 2.25 லீற்றர். சீரிஸ் 3 வந்தது 1971இல், நின்றது 1985இல். பழையதை இன்னும் பழையதாகக் காட்டி விலை கேட்பது இந்தச் சந்தையில் சாதாரணம், அதனால் முகத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். விளக்கு இரண்டும் நடுவில் கம்பி வலைக்குள் இருந்தால் 1960களின் கடைசிக்கு முந்தியது. விளக்கு மட்காட்டுக்கு நகர்ந்து, வலை கம்பியாகவே இருந்தால் சீரிஸ் 2ஏயின் கடைசிக் காலம். வலை பிளாஸ்டிக்காக இருந்தால் சீரிஸ் 3. பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை போட்டவர்களும் உண்டு; அப்போது உள்ளே பார்க்க வேண்டும். 2ஏயில் மீற்றர்கள் டாஷ்போர்டின் நடுவில், சீரிஸ் 3இல் ஓட்டுநருக்கு முன்னால்.

எனக்கு 3 போதும். காரணம் கியர். 2ஏயில் முதலாவது, இரண்டாவது கியர்களுக்கு சின்க்ரோ இல்லை. இரட்டைக் கிளட்ச் மிதித்து, எஞ்சினைத் தூக்கிவிட்டுப் போட வேண்டும். மாத்தளை மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்த வித்தையைக் காட்ட எனக்கு விருப்பமில்லை. சீரிஸ் 3இல் நாலு கியருக்கும் சின்க்ரோ உண்டு.

*

நானா கையில் சின்னச் சுத்தியல். வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தார். பேச்சில்லை, தட்டும் சத்தம் மட்டும். நல்ல உருக்கில் சத்தம் கணீரென்று வரும். உக்கிய இடத்தில் அமுங்கிப் போகும். தட்டிய வரிசையை அப்படியே எழுதிக்கொண்டேன்: பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டுகிற கொக்கி இடங்கள், முன் தடுப்புச் சுவரைத் தாங்குகிற பக்கக் கைகள். பிறகு உள்ளே வந்து கால்மிதியைத் தூக்கி, பாதம் வைக்கிற குழியில் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். தடுப்புச் சுவர் உருக்கு; மழைத் தண்ணீர் கண்ணாடியோரமாக இறங்கித் தங்குவது அங்கேதான். வலப்பக்கம் கொஞ்சம் உள்ளே போனது.

"இது ஒட்டலாம். குறுக்குச் சட்டம் யாரோ மாத்தியிருக்கான், நல்லா மாத்தியிருக்கான். புதுசா தார் பூசியிருந்தா நான் எழும்பி வந்திருப்பேன். பூசல்ல. அதுவே பெரிய விஷயம்."

அலுமினியமும் உருக்கும் தொடுகிற இடத்தில் வெள்ளைப் பொடி. ஈரம் சேர்ந்தால் அலுமினியம்தான் தன்னைத் தின்னக் கொடுக்கும். கதவின் கீழ் விளிம்பைத் தடவினால் கையில் வருகிறது. கதவு போகும், ஆனால் வண்டி போகாது என்றார் நானா.

முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குரோம் உருண்டைகள் முக்கியம். ஸ்டியரிங் திரும்பும்போது அந்த உருண்டையின் மேல்தான் ஹவுசிங் சுற்றுகிறது, உள்ளே எண்ணெய். உருண்டையில் துருப்புள்ளி விழுந்தால் அது சீலை அறுக்கும். எண்ணெய் சக்கரத்தில் வடியும். பிரேக் லைனிங் நனையும். இந்த வண்டியில் இடப்பக்கம் வழவழப்பு, வலப்பக்கம் சொரசொரப்பு. விலையில் குறைக்க வேண்டிய முதல் இடம்.

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீரில் இறங்கி ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது. லேசாக மிதித்துக்கொண்டே ஓட்டிக் காயவைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை, கியர்ப்பெட்டிக்குப் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டில் பிடிக்கிறது. ஓடும்போது அதை இழுத்தால் முழு அடியும் ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும். நிறுத்திய பிறகு மட்டும். வீட்டில் வேறு யார் ஓட்டினாலும் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

ஸ்டார்ட்: இந்த டீசலில் ஹீட்டர் பிளக் நாலும் தொடராக இணைத்தது. ஒன்று எரிந்தால் நாலும் வேலை செய்யாது. குளிர் காலையில் சுற்றிச் சுற்றிப் பற்றரி இறங்கும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். நானா சொன்ன பரிகாரம்: பிளக்குக்குத் தனித்தனியாக மின்சாரம் போகிற வகைப் பிளக்குகளை வாங்கி மாற்றிவிடுவது. அசல் என்று அடம் பிடிப்பவர்களுக்கு இது பாவம். ஆறரைக்கு ஸ்டார்ட் ஆகவேண்டியவனுக்கு இதுவே சரி.

*

மஞ்சள் குமிழ், சிவப்புக் குமிழ்.

தரையிலிருந்து மூன்று தண்டுகள் எழும்பி நிற்கின்றன. நீளமானது வழக்கமான கியர். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் இழுக்கும். சிவப்பைப் பின்னுக்கு இழுத்தால் மெதுக் கியர், கூடவே நாலு சக்கர இழுவையும் தானாக வரும். மஞ்சளை விடுவிக்க அதைப் பிடித்து இழுத்தால் வராது. வண்டியை நிறுத்தி, சிவப்பைப் பின்னுக்கு எடுத்து, திரும்ப முன்னுக்குத் தள்ள வேண்டும். அப்போதுதான் மஞ்சள் மேலே எழும்பும். இது பழகாதவர்கள் மஞ்சளைப் பிடுங்கி வளைத்து வைத்திருப்பார்கள். வாங்கும்போது அந்தத் தண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே முன்னைய ஓட்டுநரின் குணம் தெரிந்துவிடும். இதில் நேராக இருந்தது.

முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடுகிற தூரம் வேறு வேறு; சேற்றில் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழுக்க முடியாது. அந்த முறுக்கு ஷாஃப்டுக்குள் ஏறி எதையாவது உடைக்கும். ஆகவே ஏ9இல் மழையே பெய்தாலும் மஞ்சளைத் தொடக்கூடாது. அதாவது நான் வாங்கப் போகும் ஃபோர்வீல் வண்டி தினமும் ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி டூவீல் வண்டியாகத்தான் ஓடும். செம்மண் ஏற்றத்தில் சில நிமிடம், ரிவர்ஸ்டனைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் யாராவது அழைத்தால் இன்னும் கொஞ்சம். அது நக்கிள்ஸ், பாதுகாக்கப்பட்ட காடு, 2010இலிருந்து உலக மரபுரிமை. நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதற்காகப் பாதையை விட்டு இறங்கிப் புல்வெளியை உழுகிறவர்களோடு சேர எனக்கு ஆசையில்லை.

பின் ஹாஃப் ஷாஃப்ட் இந்தக் குட்டை வண்டிகளின் பலவீனம். பாரத்தோடு கிளட்சைத் திடீரென்று விட்டால் முறியும். முறிந்தால் துண்டுகளை எடுத்துவிட்டு, மஞ்சளை அழுத்தி, முன் சக்கர இழுவையில் வீட்டுக்கு வரலாம். இந்த ஒரு காரியத்துக்காகவே நான் த்ரீவீல்காரரிடம் தோற்றதை மறந்துவிடத் தயார்.

*

எஞ்சின் மாற்றிய வண்டிகள் பற்றி. பஞ்சிகாவத்தையில் ஜப்பான் டீசல் எஞ்சின் வாங்கி, லேத்தில் ஒரு தட்டுக் கடைந்து, லேண்ட் ரோவர் கியர்ப்பெட்டியோடு இணைத்துவிடுவது இங்கே நெடுநாள் வழக்கம். சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். தினமும் ஓட்டுபவன் சுளிக்க வேண்டியதில்லை: சாமான் மலிவு, ஸ்டார்ட் சுலபம், ஏற்றத்தில் மூச்சு வாங்காது. ஆனால் இரண்டு விஷயம். கூடுதல் பலம் அந்தப் பழைய ஹாஃப் ஷாஃப்டுக்குத்தான் போகும். அதோடு, மாற்றிய எஞ்சினின் இலக்கம் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாத எஞ்சினோடு ஒரு வண்டியை ரத்தோட்டைக்கு முன் வேறொரு இடத்தில் பார்த்தேன். அழகான வண்டி. "அதெல்லாம் பிறகு செய்துக்கலாம்" என்றார் விற்பவர். பிறகு செய்ய வேண்டியவன் நான் என்பதால் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

*

ஓபன் பேப்பர்: விற்பவர் கையெழுத்துப் போட்ட மாற்றப் படிவம், வாங்குபவர் பெயர் வெற்றிடம். அப்படியே கைமாறிக் கைமாறி வந்து, பதிவில் பெயர் இருப்பவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாத வண்டிகள் நிறைய. ரத்தோட்டை வண்டியில் பதிவில் இருப்பவரே விற்கிறார். விலை கொஞ்சம் அதிகம் சொன்னதை இதற்காகவே பொறுத்துக்கொண்டேன். சேஸிஸ் இலக்கத்தை நானா கம்பித் தூரிகையால் துலக்கி, டோர்ச் அடித்து, புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். இரண்டாம் முறை என்னை வாசிக்கச் சொல்லி அவர் கேட்டார்.

இவ்வளவு பழசுக்கு லீசிங் கிடைக்காது, கைக்காசுதான். புகைப் பரிசோதனை 2008இல் வந்ததிலிருந்து அது இல்லாமல் வருட லைசன் எடுக்க முடியாது. பழைய டீசலுக்கு அதுதான் வருடாந்தப் பரீட்சை. பம்ப்பும் நொசிலும் சரியாக இருந்தால் தேறும் என்கிறார் நானா. அவர் கையில் தேறிய வண்டிகளைக் கண்ணால் கண்டதால் நம்புகிறேன்.

*

இலக்கத் தகடு. நடுவில் சிங்கள ஸ்ரீ.

1957இல் வாகனத் தகடுகளில் அந்த எழுத்து வந்தபோது வடக்கு கிழக்கில் ஸ்ரீ எதிர்ப்பு இயக்கம் நடந்தது. தமிழ் ஸ்ரீயை எழுதிக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். 1958 தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகி, அந்த எழுத்தோடு யாழ்ப்பாணம் போனபோது மறுபடி கிளம்பியது. பதிலுக்குத் தெற்கில் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துக்கள் மேல் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதம் கலவரம். பிறகு வந்த தகடுகளில் எழுத்தே இல்லாத வெறும் இலக்கங்கள், அதற்கும் பிறகு ஆங்கில எழுத்துக்கள்.

இன்று அந்த ஸ்ரீயைப் பார்த்துப் பழைய வண்டிப் பிரியர்கள் உருகுகிறார்கள். விளம்பரத்தில் தனியாக எழுதிப் போடுகிறார்கள். என் அப்பாவின் தலைமுறைக்கு அது வேறு எழுத்து. நான் அதைக் கழற்றவும் மாட்டேன், மினுக்கவும் மாட்டேன். வண்டியோடு வந்த வரலாறு, துரையைப் போல, தார்ச் சட்டியைப் போல, அதுவும் வரட்டும்.

*

எண்ணெய்க் கணக்கு. இந்த டீசல் லீற்றருக்கு எட்டு, நன்றாக ஓட்டினால் ஒன்பது கிலோமீற்றர் தரும். 2022 யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது கார், வேன்களுக்கு வாரம் 20 லீற்றர். அந்தப் பங்கீடு இந்த வண்டிக்கு ஒரு வாரத்தில் 160 கிலோமீற்றர். மாத்தளைக்கு ஆறு நாள் போய்வர அது போதும், கண்டிக்கு ஒருமுறை போனால் இடிக்கும். வருமானம் இருந்தும் பங்க்கில் இரவு தூங்கிய அந்த மாதங்களை மறந்து இந்த நாட்டில் யாரும் வண்டி வாங்கக்கூடாது.

மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனங்களுக்குக் கதவைத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் நாடு முழுவதும் இருந்ததைக் கழுவித் துடைத்து ஓட்டியது. டிங்கரிங் பாஸ்மாருக்கு நல்ல காலம். யாழ்ப்பாணத்தார் முன்பு படித்த பாடத்தை எல்லோரும் கொஞ்சம் படித்தார்கள்.

*

வேகம். எழுபதில் இந்த வண்டி நிம்மதியாக ஓடும். எண்பதில் கத்தும், பேசுவது கேட்காது. ஊருக்கு வெளியே சட்டப்படி எழுபதுதான். வேறு எந்த வண்டி என்னை இவ்வளவு ஒழுங்கானவனாக்கும்? பின்னால் வருகிற யாழ்ப்பாணம் பஸ் என்ன நினைக்கும் என்பது தனி விஷயம்.

*

வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏசி இல்லாட்டிப் பரவாயில்ல. மழை பெஞ்சா உள்ள தண்ணி வருமா?"

"வரும்."

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"அப்ப பிள்ள நடுவுல உக்காரட்டும்."

நடு சீட்டில் பெல்ட் இல்லை என்பதை அப்போது சொல்லவில்லை, மறுநாள் சொன்னேன். முன் சீட் இரண்டுக்கும் மூன்று முனைப் பெல்ட், பிடிப்புக்கு உருக்குத் தகடு பற்றவைத்து, முதல் வாரமே. பிள்ளை கதவோரம்தான். ரப்பர் பீடிங் புதிதாகப் போட்டால் மழை பாதியாகக் குறையும். மிச்சப் பாதிக்குக் குடை.

*

டாஃப்ட் விற்றுவிட்டதாம். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போயிருக்கிறார். வேறு கார்கள் நிறைய வைத்திருப்பவர் என்று கேள்வி. நல்லது. மாதம் ஒரு சாமானைத் தேடுவதற்கு நேரமும் மாற்றுக்கு வேறு வண்டியும் உள்ளவரிடம்தான் அது போய்ச் சேர வேண்டும். எனக்கு வலித்தது, கொஞ்சம்தான்.

*

ரத்தோட்டைக்காரர் இறங்கி வந்தார். வலப்பக்க உருண்டை, கால் குழி, கதவின் கீழ் விளிம்பு மூன்றுக்கும் சேர்த்துக் குறைத்தார். நான் தேர்ந்தெடுத்த வண்டி என்று சொல்வதைவிட, நான் ஆசைப்பட்ட வண்டிகளில் நானா கைவைக்கச் சம்மதித்தது என்று சொல்வதே சரி.

டயர் பற்றி ஒரு வரி: குட்டை வண்டிக்கு 6.00-16, நீள வண்டிக்கு 7.50-16. முதலாவது டிரக்டர் முன் சக்கர அளவு, இரண்டாவது சின்ன லொறி அளவு. இரண்டும் மாத்தளையிலேயே கிடைக்கும். ஆனால் டிரக்டர் டயரின் நேர்க்கோட்டுப் பட்டை வயலுக்குத்தான். தார் ரோட்டு வேகத்துக்கு ஜீப் டயராகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் மாதம் செய்ய வேண்டியவை, நானா சொல்லச் சொல்ல எழுதியது: நாலு வீல் சிலிண்டருக்கும் ரப்பர், பிரேக் ஹோஸ் முழுவதும் புதிது, வலப்பக்க உருண்டையும் சீலும், ஹீட்டர் பிளக், கியர் ஒயில், இரண்டு டிஃபரன்ஷியலுக்கும் ஒயில், ஹெட்லைட்டுக்கு ரிலே, பெல்ட். கால் குழி வெல்டிங் தை மாதம், மழை விட்ட பிறகு. எல்லாம் அங்குல நட்டு. என்னிடம் இருக்கும் ஸ்பேனர் செட் மில்லிமீற்றர், இதில் ஒன்றுக்கும் உதவாது. 7/16, 1/2, 9/16 மூன்றும் ரிங், ஓபன் இரண்டு வகையிலும் வேண்டும். 9/16 ரிங் நானாவிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதையும் இரவல் தரமாட்டார். வியாழக்கிழமை கொழும்புக்குப் போகிற மச்சானிடம் சொல்ல வேண்டும்.